மூன்றாம் அறைச் சாவி

மதியத்துக்கு மேல் புகைபோக்கியின் போக்கு மாறியது. வழக்கமாக அதன் வாயில் புகை இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். அன்றைக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் திரண்டு வந்து எங்கள் குடியிருப்பின் மேலேயே கவிழ்ந்தது. காலையில் நான் துவைத்துப் போட்ட இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் கொடியில் கிடந்தன. எழுந்து போய் எடுப்பதற்குள் மூன்றும் ஒரே நிறமாகிவிட்டன. போர்வை முதலிலிருந்தே அந்த நிறம்தான் என்பதால் அதற்குப் பெரிய நஷ்டம் இல்லை.

நான் மின் நிலையத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். சாம்பல் மேட்டில் காற்றுக்குச் சாம்பல் கிளம்பாமல் தண்ணீர் தெளிப்பது என் வேலை. என் தலையில் இருப்பது நரையா சாம்பலா என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கே நிச்சயமாகத் தெரியாததால் நான் பதில் சொல்வதில்லை.

அடுத்த வீடு கம்பிக்காரருடையது. அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவர் வேலையைச் சொல்லிவிட வேண்டும். நிலக்கரி எரிந்து வரும் புகை நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடுவதில்லை. நடுவில் ஈஎஸ்பி என்று நாலு மாடி உயரத்துக்கு ஓர் இரும்புக் கட்டடம் நிற்கிறது. அதற்குள் நான்கு அறைகள். ஒவ்வோர் அறையிலும் பெரிய பெரிய தகடுகள் திரைச்சீலை மாதிரி வரிசையாகத் தொங்கும். தகடுகளுக்கு நடுவே கம்பிகள். கம்பியில் பல்லாயிரம் வோல்ட் ஏறியிருக்கும். புகையோடு வரும் சாம்பல் தூள், அந்த மின்சாரம் பட்டதும் போய்த் தகட்டில் ஒட்டிக்கொள்ளும்; மிச்சக் காற்று நல்லபிள்ளையாக மேலே போகும். ஒரு கம்பி அறுந்து தகட்டில் சாய்ந்தால் போதும், அந்தப் பகுதியே படுத்துவிடும். அப்போது அந்த அறைக்குப் புகை வரும் வழியை அடைத்து, மின்சாரத்தை நிறுத்தி, சூடு ஆறியதும் ஆள் உள்ளே போய் அறுந்ததை வெட்டி எடுக்க வேண்டும். அப்படிப் போகிறவர் கம்பிக்காரர். கூடப் போகிறவன் சுருட்டை, அவர் மனைவியின் தம்பி. தலைமுடிக்காக வைத்த பெயர் அது. அக்கா வீட்டிலேயே இருந்து அக்கா கையால் சாப்பிட்டு மாமாவோடு வேலைக்குப் போய்வருகிறவன்.

நான் சட்டையை உதறிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கம்பிக்காரர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, என் தம்பி உங்க லாரியில ஏதாவது வந்தானா?"

"எனக்கு இன்னிக்கு லீவும்மா. ஏன், வரலையா?"

"இவரு வந்தாரு, சாப்பிட்டாரு, படுத்துட்டாரு. அவனக் காணோம்."

"ரெண்டு பேரும் ஒரே பஸ்சுலதானே வருவாங்க?"

"அதான் எனக்கும் புரியல. கேட்டா சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டு, வருவான் வருவான்னு சொல்றாரு. நீங்க வந்து கேளுங்களேன்."

நான் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தோன்றினாலும் போனேன். அடுத்த வீட்டு விவகாரம் என்றால் எனக்குக் கால் தானாக நடக்கும். முன் அறையில் சாப்பாட்டுத் தட்டு ஒன்று கழுவாமல் கிடந்தது. இன்னொரு தட்டில் சோறும் கீரையும் முட்டையும் வைத்து மேலே ஒரு தட்டைக் கவிழ்த்திருந்தாள். சன்னலை அடைத்திருந்தும் கவிழ்த்த தட்டின் மேல் சாம்பல் படிந்திருந்தது. கம்பிக்காரர் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

"என்ன மாப்ள, மச்சான எங்க விட்டுட்டு வந்தீங்க?"

"நான் ஏன் விடறேன். அவனா போனான்."

"எங்க?"

"எனக்கென்ன தெரியும். தனியா ரூம் எடுத்துத் தங்கப் போறானாம். வேல செஞ்சுகிட்டு இருக்கும்போது, உள்ள வச்சுச் சொல்றான். நம்ம வீட்டுச் சோறு கசந்துபோச்சாடான்னு கேட்டேன். பேச்சு முத்திப் போச்சு. போறதுன்னா இன்னிக்கே போன்னு சொல்லிட்டேன்."

அவள் இதை இப்போதுதான் கேட்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. விருட்டென்று உள்ளே போனாள். திரும்பி வந்து, "அவன் பை இருக்கு. துணி இருக்கு. சவரம் பண்ற சாமான்கூட அங்கயே இருக்கு. ரூமுக்குப் போறவன் கைய வீசிக்கிட்டா போவான்?" என்றாள்.

"கோவத்துல போயிருப்பான்."

"ஃபோன் அடிச்சா மணி போகுது, எடுக்க மாட்டேங்கிறான்."

"ஃபோன மேல கொண்டுபோகக் கூடாது. கீழ பெட்டியில வச்சிட்டுத்தான் ஏறணும்."

"வேல முடிஞ்சு போனவன் அத எடுத்துட்டுப் போக மாட்டானா?"

அவர் எழுந்து உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். அந்த நேரம் அவருடைய ஃபோன் அடித்தது. மின் நிலையத்திலிருந்து ஷிஃப்ட் இன்ஜினியர். பக்கத்தில் நின்ற எனக்கே அவர் கத்துவது கேட்டது. மூணாம் அறையோட முன்கதவுச் சாவி எங்கய்யா? எல்லாம் ரெடி, அறைக்குப் புகையைத் திறந்து விடணும், சாவி இல்லாம கரண்ட் ஏத்த முடியல, வெளிய புகையப் பாத்தியா இல்லியா?

"சாவிப் பெட்டியில போட்டேனே சார்," என்று சொல்லிக்கொண்டே கம்பிக்காரர் தன் மார்பைத் தடவினார். அங்கே சட்டை இல்லை, பனியன்தான் இருந்தது. சட்டை பின்கட்டில் சோப்புத் தண்ணீர் வாளியில் கிடந்தது.

நாங்கள் போவதற்குள் அவள் போய் வாளிக்குள் கையை விட்டிருந்தாள். முழங்கைவரை நுரையோடு கையை வெளியே எடுத்தபோது அதில் ஒரு பித்தளைச் சாவி இருந்தது. மூன்று என்ற எண் அதில் வெட்டியிருந்தது.

"இருக்கு சார். தெரியாம வந்துடுச்சு. இதோ கொண்டாறேன்."

நீ ஒண்ணும் கொண்டுவர வேண்டாம், நானே ஜீப்பில் வருகிறேன் என்று வைத்துவிட்டார் இன்ஜினியர்.

"குடு," என்று கம்பிக்காரர் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. "இதக் குடுத்தா என்ன ஆகும்?"

"என்ன ஆகும், வேல நடக்கும்."

"புரியற மாதிரி சொல்லுங்க."

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே குரல் இறங்கிக்கொண்டு வந்தது. ஒவ்வோர் அறைக்கும் முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒரு கதவு. கதவைத் திறந்து உள்ளே போகிறவன் அதன் சாவியைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்து கதவைப் பூட்டிய பிறகுதான் சாவியைக் கொண்டுபோய்ச் சாவிப் பெட்டியில் அதனதன் துளையில் போட வேண்டும். எல்லாச் சாவியும் துளைக்குள் போனால்தான் கம்பிக்கு மின்சாரம் ஏறும். ஒரு துளை காலியாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். முன்கதவு அவருடையது, பின்கதவு சுருட்டையுடையது.

"அவன் சாவி?"

"அதான் சொல்றேனே. சண்ட போட்டுட்டு நான் முன்கதவு வழியா வந்து குழாயில மூஞ்சி கழுவினேன். கோவம், கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன். திரும்பிப் போய்ப் பாத்தா பெட்டியில அவன் சாவி இருக்கு. பின்கதவப் பூட்டிட்டுப் போயிட்டான். நானும் முன்கதவப் பூட்டினேன். பஸ் ஹாரன் அடிச்சான். ஓடி வந்துட்டேன்."

"உள்ள பாத்தீங்களா?"

"கூப்பிட்டேன். பதில் இல்ல."

"பாத்தீங்களான்னு கேட்டேன்."

"அவன் சாவி வெளிய இருக்கும்போது உள்ள எதுக்குப் பாக்கணும்?"

"நீங்க மூஞ்சி கழுவினப்போ முன்கதவு திறந்துதானே கிடந்துச்சு?"

"ஆமா."

"அது வழியா யாரும் உள்ள போக முடியாதா?"

"எதுக்குடி போவான்? வேல முடிஞ்சுது. சண்ட போட்டுட்டு வெளிய போனவன் திரும்ப உள்ள எதுக்குப் போவான்?"

எதற்குப் போவான் என்று எனக்கும் தெரியவில்லை. போயிருக்க மாட்டான் என்றும் சொல்ல முடியவில்லை. சாவி துளையில் இருந்தது என்கிறார் இவர். பை வீட்டில் இருக்கிறது என்கிறாள் அவள். எனக்கு இதுதான் தொந்தரவு, யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவேன். அவர் பேசும்போது சுருட்டை எங்கோ ஒரு கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் பேசும்போது அந்த இரும்புக்குள் இருந்தான்.

"இந்தச் சாவி போயி அந்தத் துளையில நுழைஞ்சா, உள்ள இருக்கறவன் கதி?" என்று கேட்டாள்.

கம்பிக்காரர் வாளியைப் பார்த்தார். "உள்ளதான் யாரும் இல்லியே," என்றார். கேட்கிற மாதிரிதான் இருந்தது, சொல்கிற மாதிரி இல்லை.

அவள் சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

ஜீப் வந்தது. இன்ஜினியர் நல்ல மனிதர்தான். வயது குறைவு, பொறுப்பு அதிகம். வண்டியில் நேராக வந்ததிலேயே மூக்கு நுனியும் புருவமும் வெளுத்திருந்தன. வாசலிலேயே நின்று கையை நீட்டினார்.

"சாவி."

"என் தம்பி எங்க சார்?"

"யாரு?"

"சுருட்ட," என்றேன் நான். "இன்னும் வீட்டுக்கு வரல சார்."

"அவன் சாவி பெட்டியில இருக்கே."

"எல்லாரும் இதையே சொல்றீங்க," என்றாள் அவள். "சாவியப் பாத்தோம், சாவியப் பாத்தோம். அவன யாராவது பாத்தீங்களா?"

இன்ஜினியர் கம்பிக்காரரைப் பார்த்தார். கம்பிக்காரர் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது? ஜீப்பைப் பார்த்தேன்.

"இங்க பாருங்கம்மா, மத்தியானத்துல இருந்து உற்பத்தியக் கூட்டியாச்சு, ஒரு அறை நின்னா மிச்ச மூணு அறைக்குத் தாங்கல. அதான் இவ்வளவு புகை. ஊர்ல இருந்து ஃபோன் மேல ஃபோன். பெரிய அதிகாரி என் கழுத்துல உக்காந்திருக்காரு. நீங்க சாவியக் குடுங்க. உங்க தம்பிய நான் தேடச் சொல்றேன்."

"மொதல்ல தேடுங்க. அப்புறம் தரேன்."

"பூட்ட உடைச்சுப் பாத்துடலாமே சார்," என்றேன், ஏதோ பெரிய யோசனை மாதிரி.

"பூட்ட உடைச்சா கதவு திறக்கும். கரண்ட் ஏறாதே. அதுக்கு இந்தச் சாவிதான் வேணும். இதுக்கு மாத்துச் சாவியே கிடையாது, அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க."

அவருக்குத் தேவை கதவு இல்லை, சாவி. அவளுக்குத் தேவை சாவி இல்லை, கதவு. இதை யாராவது அப்போது எடுத்துச் சொல்லியிருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும். கம்பிக்காரர் அவள் கையைப் பிடிக்கப் போனார். "என் வேலையே போயிடும்டி," என்றார். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"போனா போகட்டும். நானே வந்து கதவத் திறக்கறேன். அவன் இல்லன்னா அங்கயே வச்சு சாவியக் குடுத்துடறேன்."

வெளி ஆட்களை உள்ளே விடுவதில்லை என்று இன்ஜினியர் ஆரம்பித்தார். அதற்குள் அவள் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கையில் இன்னும் சோப்பு நுரை காயவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லாததால் கம்பிக்காரரோடு நானும் ஏறிக்கொண்டேன்.

மின் நிலையத்துக்குள் அவளுக்கு ஒரு தலைக்கவசம் கொடுத்தார்கள். பெரிதாக இருந்தது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே படி ஏறினாள். மறு கை மூடியே இருந்தது. இரும்புப் படிகள், கீழே பார்த்தால் ஓட்டை ஓட்டையாகத் தரை தெரியும். வீட்டுச் செருப்போடு அவள் ஏறிய வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்கியது. மேலே போகப் போகச் சத்தம். தகட்டில் ஒட்டிய சாம்பலை உதிர்ப்பதற்குச் சுத்தியல்கள் இருக்கின்றன, அவை தாமாகவே சுழன்று சுழன்று தகடுகளைத் தட்டும். உதிர்ந்த சாம்பல் அறைக்கு அடியில் இருக்கும் பெரிய பெரிய இரும்புப் புனல்களில் போய் விழும். மூன்றாம் அறையின் சுத்தியல்கள் நின்றிருந்தன. ஆனால் இரண்டு பக்கமும் மற்ற அறைகளில் டங், டங் என்று விடாமல் விழுந்துகொண்டிருந்தன. எது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. நாங்கள் பேசியதெல்லாம் வாயசைவுதான்.

அவளே பூட்டைத் திறந்தாள். கதவை இழுத்ததும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. உள்ளே இருட்டு. கம்பிக்காரர் முகமூடியைப் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு குனிந்து உள்ளே போனார். இந்தத் தடவை சாவியை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று அவள் கத்தினாள். தம்பி, தம்பி என்று அவள் வாய் திறந்து மூடியதைத்தான் பார்த்தேன்.

அவர் வெகு சீக்கிரம் திரும்பி வந்தார். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும், அப்படி எத்தனையோ சந்துகள். நடைபாதையில் நின்று இரண்டு பக்கமும் டார்ச் அடித்திருப்பார், அவ்வளவுதான்.

"இல்ல," என்று தலையை ஆட்டினார். தேடிவிட்டு வந்தவர் முகம் மாதிரி இல்லை. கண்டுவிடுவோமோ என்று பயந்து ஓடி வந்தவர் மாதிரி இருந்தது.

இன்ஜினியர் கதவைச் சாத்தினார். அவள் காதருகே குனிந்து, "பாத்தாச்சு இல்லம்மா? பூட்டிட்டுச் சாவியக் குடுங்க," என்றார்.

அவள் குழம்பிப்போய் நின்றாள். சொன்ன வார்த்தைப்படி கொடுக்க வேண்டியதுதான். கையைத் திறந்தாள், சாவியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவர் முகமூடியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொடுக்காதே என்று சொல்ல நினைத்தேன். எதை வைத்துச் சொல்வது?

"இந்தச் சத்தத்த நிறுத்துங்க," என்றாள் அவள்.

"என்ன?"

"இந்தத் தட்டற சத்தம். நான் கூப்பிட்டது எனக்கே கேக்கல. நிறுத்துங்க, ஒரே ஒரு தடவ கூப்பிட்டுட்டுக் குடுத்துடறேன்."

"அத நிறுத்தக் கூடாதும்மா, தகட்டுல சாம்பல் ஏறிக்கும்."

"ஏறட்டும் சார்," என்றேன் நான். "கொஞ்ச நேரத்துல என்ன பெருசா ஏறிடப் போகுது. ஏற வேண்டியதெல்லாம் என் போர்வையில ஏறியாச்சு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அங்கே கம்பத்தில் மாட்டியிருந்த நிலைய ஃபோனை எடுத்துக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். முதலில் இடது பக்கம் அடங்கியது. பிறகு வலது பக்கம், அதற்கும் அப்பால் இருந்த அறை. புகையை இழுக்கும் காற்றாடிகளின் இரைச்சல் மட்டும் தொலைவில் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு சுத்தியல் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. டங். கொஞ்சம் இடைவெளி. டங்.

"அதையும் நிறுத்தச் சொல்லுங்க சார்," என்றார் கம்பிக்காரர்.

இன்ஜினியர் ஃபோனில் கேட்டார். காதிலிருந்து அதை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "எல்லாத்தையும் நிறுத்திட்டாங்களாம்."

டங்.

அது எங்கள் காலுக்குக் கீழேயிருந்து வந்தது. மூன்றாம் அறையின் அடியில், சாம்பல் விழும் புனலுக்குள்ளிருந்து.

அதற்குப் பிறகு நடந்தது வரிசையாக எனக்கு நினைவில்லை. இன்ஜினியர் கீழே ஓடப் பார்த்ததும், கம்பிக்காரர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததும் நினைவிருக்கிறது. "புனலோட கீழ்க்கதவத் திறந்துடாதீங்க சார். சாம்பல் மொத்தமா சரிஞ்சு ஆள உள்ள இழுத்துடும். மேல இருந்துதான் கயிறு போடணும்." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் தடுமாற்றமே இல்லை. கயிறு வந்தது. இடுப்பில் ஒரு முனையைக் கட்டிக்கொண்டு, மச்சானுக்கு இன்னொரு கயிறும் எடுத்துக்கொண்டு அவர் மறுபடி உள்ளே போனார். இன்ஜினியரும் நானும் இன்னும் இரண்டு பேரும் வெளியே நின்று கயிற்றைப் பிடித்தோம். அவள் எங்களுக்குப் பின்னால் கயிற்றின் கடைசியைப் பிடித்திருந்தாள், சாவியையும் சேர்த்து.

சுருட்டை மார்புவரை சாம்பலில் புதைந்திருந்தானாம். சாம்பல் தண்ணீர் மாதிரி. அசைந்தால் இன்னும் இறங்கும். கையிலிருந்த ஸ்பேனரால் புனலின் சுவரைத் தட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாமல் இருந்ததால்தான் பிழைத்தான். தட்டியது பலருக்கும் கேட்டிருக்கும். அடைத்துக்கொண்ட சாம்பலை இறக்க ஆட்கள் வெளியிலிருந்து புனலைத் தட்டுவது தினமும் நடப்பதுதான். யாரோ வேலை செய்கிறார்கள் என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள்.

வெளியே இழுத்துப் போட்டபோது எது முகம், எது முடி என்று தெரியவில்லை. அவள் என் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடுங்கி அவன் வாயைக் கழுவினாள், மூக்கைச் சிந்தச் சொன்னாள், கண்ணை நனைத்தாள். கண்ணைத் திறக்க முடியாமல் அவன் இருமினான். இருமல் கொஞ்சம் நின்றதும் கையால் காற்றைத் துழாவினான்.

"யாரு, அக்காவா? நீ எப்படி இங்க? அக்கா, மாமா உள்ள இருக்காரு."

அவள் மறுபடி அவன் கண்ணை நனைத்தாள்.

"என் சாவியப் பெட்டியில போட்டேன். பக்கத்துத் துளையில அவரு சாவி இல்ல. முன்கதவு திறந்து கிடந்துச்சு. எம்மேல கோவமா இருந்தாரு, உள்ளயே உக்காந்துட்டாரோன்னு தேடப் போனேன். கூப்பிட்டுக்கிட்டே போனேன், கால் வழுக்கிடுச்சு. இன்னும் உள்ளதான் இருப்பாரு, போய்ப் பாருங்க. கரண்ட் ஏத்திடப் போறாங்க."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். பக்கத்தில் மண்டியிட்டு அவன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா எப்பவோ வந்துட்டாருடா," என்றாள் அவள். "வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்துட்டாரு."

"வந்துட்டாரா?" என்றான். "அப்ப சரி."

உடம்பு தளர்ந்து, யாரென்று தெரியாத அந்தத் தோளிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டான். கம்பிக்காரர் அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டு, முகமூடியைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.